பேரேட்டில் ஏறாத உழைப்பு

பள்ளி ஆண்டு தொடங்கியதும் வகுப்பாசிரியரின் மேசையில் வந்து குவிவன மாணவர் விவரப் படிவங்கள். தந்தையின் பெயர், தந்தையின் தொழில், தாயின் பெயர், தாயின் தொழில் எனக் கட்டங்கள் அணிவகுத்து நிற்கும். கடைசிக் கட்டத்தருகே எழுதுகோல் ஒரு நொடி தயங்கும். “அம்மா என்ன வேலை செய்கிறார்?” என ஆசிரியை வினவுவார். “அம்மா வேலைக்குப் போகல, டீச்சர். வீட்டுல சும்மாதான் இருக்காங்க” என்று மாணவன் விடை பகர்வான். ‘சூரி ருமா தங்கா’ என்னும் மலாய்ச் சொற்கள் அக்கட்டத்தில் ஏறும். இல்லத்தரசி என்பது அதன் பொருள். படிவம் நிறைவுற்றது.

அவ்வாறு விடை பகர்ந்த மாணவனே அன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் நாற்பது பொட்டலம் நாசி லெமாக்கைக் கடையில் இறக்கிவிட்டு வந்திருப்பான். அவற்றை ஆக்கியவள், விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்த அவன் தாய். பக்கத்து வீட்டுக்காரி சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் இரவு முறை முடிந்து வரும்வரை அவளுடைய கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுப்பவளும் அவளே. குடியிருப்புப் பெண்கள் பதினைவரைச் சேர்த்துக் கூட்டுக் கட்டி, மாதந்தோறும் முதல் வாரத்தில் காசு பிரித்து, எவள் எடுத்தாள் எவள் எடுக்கவில்லை என்பதைப் பழைய அப்பியாசப் புத்தகத்தில் குறித்து வைப்பவளும் அவளே. வெள்ளிதோறும் கோயிலில் விளக்குத் துலக்குபவள், சாவு வீட்டில் அழுது முடித்தபின் முதலில் அடுப்பு மூட்டுபவள், பதினாறாம் நாளுக்குக் காய் நறுக்குபவள் என்று அவள் வேலைகளை எண்ணத் தொடங்கினால் படிவத்தின் மறுபக்கமும் போதாது. அவள்தான் சும்மா இருக்கிறாள்! சும்மா இருத்தலே அரிது எனத் தவத்தோர் கூறினர். அவர்கள் கருதியது வேறு பொருள். ஆயினும் கெடா மாநிலத்துத் தமிழ்ப்பெண் அளவுக்குப் பாடுபட்டுச் சும்மா இருப்பவர் உலகில் அரியரே.

இப்பெண்ணின் உழைப்புக்கு அண்மைக் காலத்தில் உலக அரங்கில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள், பரிமாற்று உதவிக் கழகங்கள், தன்னுதவிக் குழுக்கள் முதலியவை இலாபத்தை முதலிடத்தில் வையாது மனிதரை முதலிடத்தில் வைத்து நடத்தும் பொருள் முயற்சிகளைச் சமூகத் தோழமைப் பொருளாதாரம் என வழங்குகின்றனர். 2022 ஜூன் திங்களில் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு அதற்கு இலக்கணம் வகுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையும் அதனை ஏற்றுத் தீர்மானித்தது. தமிழாசிரியர்களுக்கு இது புதுக் கருத்தன்று. ஒப்புரவு என்னும் சொல் அவர்கள் கையில் இருக்கிறது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனவே ஒப்புரவுப் பொருளாதாரம் என்றே இதனை அழைக்கலாம்.

பெயர் எதுவாயினும் ஆகுக. இவ்வொப்புரவின் பாரத்தைச் சுமப்பவர் யாவர்? அதன் பங்குப் பத்திரமும் பதவியும் எவர் கையில் உள்ளன? இவ்விரண்டு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும்வரை தமிழர்தம் கூட்டுறவு அரைக் கூட்டுறவேயாம்.

கோலா மூடா மாவட்டத்தின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்பது இங்கே பொருந்தும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மோதிய கோத்தா கோலா மூடாக் கழிமுகத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் வந்தால் தீக்காம் பத்து, சுங்கை பட்டாணி, சுங்கை லாலாங், பீடோங், குரூண் என ஊர்கள் விரியும். இவற்றைச் சூழ்ந்து கிடந்தவை இரப்பர்த் தோட்டங்கள். அத்தோட்டங்களில் பெண் எந்நாளும் வீட்டுக்குள் முடங்கியவள் அல்லள். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு நின்றாள். நெற்றி விளக்கொளியில் மரம் வெட்டினாள். மங்கு துடைத்தாள். வெயிலேறியதும் பாலெடுத்துக் காண்டா வாளி சுமந்தாள். பிற்பகல் வீடு திரும்பி விறகு பொறுக்கினாள், அரிசி களைந்தாள். அவள் தீம்பாருக்குச் செல்வதற்காக ஆயாக் கொட்டகையில் அவள் பிள்ளையை இன்னொரு பெண், பெரும்பாலும் மரம் வெட்ட இயலாத முதியவள், ஏணை ஆட்டிக் காத்தாள். ஒருத்தியின் உழைப்பை இன்னொருத்தியின் உழைப்பு தாங்கிற்று.

இதற்குக் கூலி என்ன? 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணின் வயிறு சிறியது என வெள்ளைக்காரத் துரைமார் அளந்து பார்த்தனர் போலும்! அப்பத்துக் காசு வேறுபாட்டைக் காலனித்துவக் கொடுமை என இன்று மேடைதோறும் பழிக்கின்றனர். பழிக்கட்டும், அது நியாயமே. ஆனால் துரை அவளுக்குக் குறைத்தேனும் கொடுத்தான். தன் இனத்தார் நடத்தும் சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவள் செய்யும் வேலைக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை, வாக்கும் இல்லை என்னும்போது பழிக்கும் நாக்கு ஏன் மடங்கிக்கொள்கிறது?

1947ஆம் ஆண்டு பீடோங் வட்டாரத்தில் நடந்தது மறக்கத் தக்கதன்று. ஹார்வர்ட் தோட்டத்தைத் தளமாகக் கொண்டு ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் போலீசாரின் தடியடிக்கும் சிறைக்கும் தோட்டத் தொழிலாளர் பலர் ஆளாயினர். அப்போராட்டம் ஒழுக்கப் போராட்டமென்றும் தேசிய எழுச்சியென்றும் தொழிற்சங்க வரலாறென்றும் எழுதப்பட்டுள்ளது. இவை யாவும் உண்மை. எழுதப்படாத உண்மை ஒன்று எஞ்சுகிறது. கள்ளுக்கடைப் போராட்டம் என்பது அடிப்படையில் வீட்டு வரவுசெலவுப் போராட்டம். சம்பள நாளன்று கிராணி எண்ணிக் கொடுத்த காசு கள்ளுக்கடைக்குப் போவதா அரிசிக்கடைக்குப் போவதா என்பதே அங்கு எழுந்த வழக்கு. அவ்வழக்கின் உண்மையான வாதி அடுப்படியில் நின்றவள். தலைவரின் பெயர் நூல்களில் நின்றது, அது தகும். வாதியின் பெயரோ எந்த நூலிலும் ஏறவில்லை. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 1943இல், நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துக் கன்னியர் சேர்ந்தபோது அவர்கள் துப்பாக்கி ஏந்தலாம் எனச் சமுதாயம் ஒப்பியது. பேரேடு ஏந்தலாம் என ஒப்புவதற்கு அதனால் இன்றும் இயலவில்லை. விந்தையன்றோ இது?

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டித் தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடர் வந்தது. அயல்நாட்டு முதலாளிமார் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். பல தலைமுறை உழைத்த மண்ணில் நின்றவர்கள் ஒரே நாளில் ஏதிலிகளாயினர். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960 மே 14இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கித் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா எனச் சிரித்தவர்களின் முகத்தில் அச்சங்கம் கரிபூசியது. மலேசியத் தமிழர் வரலாற்றில் அதற்கிணையான கூட்டுப் பொருள் முயற்சி வேறொன்று இல்லை எனத் துணிந்து கூறலாம்.

அப்பெருமையைக் குறைப்பதற்கன்று, அதனை முழுமையாக்குவதற்கே ஒரு வினா எழுப்ப வேண்டியிருக்கிறது. அப்பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது? கணவனும் மனைவியும் ஒரே நிரையில் பால் வெட்டிய வீட்டில் இருவர் உழைப்பும் சேர்ந்ததே அவ்வீட்டின் வருவாய். அவ்வருவாய் வாய்க்கும் வயிற்றுக்குமே பற்றாது. அதில் பத்து வெள்ளி மிச்சமாயிற்று என்றால், மிச்சப்படுத்தியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். லயத்தின் பின்புறம் கீரைப்பாத்தி போட்டவள், கோழி வளர்த்தவள், ஆட்டுக்குத் தழை ஒடித்தவள், மீன் வாங்காத நாளில் கருவாட்டுத் தலையில் குழம்பு வைத்தவள், கிழிந்த கைலியைத் தைத்துக் குழந்தைக்கு ஏணை கட்டியவள் ஆகிய அந்த ஒருத்தியின் கையில்தான் பத்து வெள்ளி உருவாயிற்று. பங்குப் பணம் என்பது அவளது பசி இறுகி நாணயமானது. வரலாற்றாசிரியர்கள் “தொழிலாளர் தந்த பணம்” என ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றனர். அச்சொல்லைப் படிக்கும் மாணவனின் மனத்தில் வேட்டி கட்டிய ஓர் ஆடவன்தானே தோன்றுகிறான்?

பின்னர் 1982இல் மைக்கா நிறுவனம் தோன்றியது. அது கூட்டுறவன்று, பங்கு நிறுவனம். ஆயினும் சமுதாய மேம்பாடு என்னும் கொடியின் கீழ்தான் அதற்குப் பணம் திரட்டப்பட்டது. ஏறத்தாழ 66 ஆயிரம் பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தனர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய ஏழைக் குடும்பங்கள் பல. 2010இல் அப்பங்குகளை ஒன்றுக்கு 80 காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. அந்த அரசியலை ஆராய்வது வேறு கட்டுரையின் வேலை. இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றே. அடகுக்கடைக்குச் சென்ற நகை எவருடைய கழுத்திலிருந்து கழன்றது? தமிழ்ப்பெண்ணுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள அஃதொன்றுதான் இருந்தது. கழற்றும்போது சமுதாயத்தின் சொத்து என்றார்கள். முதலீட்டை எங்கே இடுவது என்று முடிவுசெய்த மேசையில் அக்கழுத்துக்குரியவர்களுக்கு நாற்காலி போட எவருக்கும் தோன்றவில்லை.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்கள். சிறிய கூட்டுக்கு வருவோம் எனின் அங்குக் காணும் காட்சி இன்னும் வியப்பானது. வங்கி வாசலை மிதிக்காத தோட்டத்துப் பெண்ணுக்கு வங்கியாக இருந்தது கூட்டே. பதினைந்து பேர் மாதம் நூறு நூறு வெள்ளி போட்டால் ஆயிரத்தைந்நூறு வெள்ளி ஒருத்திக்குக் கிடைக்கும். பிள்ளையின் பள்ளிச் சீருடை, மகளின் சடங்கு, கணவனின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் எனப் பல தேவைகளுக்கு அது உதவும். அடமானம் இல்லை, கையொப்பமும் இல்லை. நம்பிக்கை ஒன்றே பிணை. கூட்டை நடத்துபவளை மலாய் மக்கள் ‘இபு கூத்து’, அதாவது கூட்டுக்குத் தாய், என்றே அழைக்கின்றனர். இத்தாய் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பதினைந்து வீட்டுப் படியேறிக் காசு பிரிக்கிறாள். ஒருத்தி கொடுக்காத மாதத்தில் தன் கைக்காசைப் போட்டு ஈடுகட்டுகிறாள். வங்கியில் இவ்வேலைக்கு மேலாளர், காசாளர், கடன் வசூலிப்பாளர் என மூன்று சம்பளம் உண்டு.

மலேசியச் சட்டம் இவளை எவ்வாறு பார்க்கிறது? 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் என ஒன்று இருக்கிறது. அச்சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றுள்ளது. அதன் விளக்கப் பிரிவில் ‘சீட்டு’ என்னும் சொல்லும் வருகிறது. இந்நாட்டுச் சட்டநூலில் ஏறிய தமிழ்ச் சொற்கள் மிகச் சில. அவற்றுள் இரண்டு குற்றத்தின் பெயராக ஏறியிருக்கின்றன! தமிழ்மொழியின் பெருமை பேசும் விழாக்களில் இச்செய்தியையும் ஒரு முறை வாசிக்கலாம்.

சட்டம் முற்றும் தவறென்று கூறுதல் நேர்மையாகாது. கூட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடியவர்கள் உண்டு. அவர்களால் நடுத்தெருவில் நின்றவர்களும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வோரைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் தடுத்தல் ஒன்றே வழியா? தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டிலேயே சீட்டு நிதிச் சட்டம் இயற்றினர். பின்னர் 1982இல் இந்திய நடுவண் அரசும் சட்டம் செய்தது. அச்சட்டங்கள் சீட்டை ஒழிக்கவில்லை. பதிவுசெய், பிணை வை, கணக்குக் காட்டு என்றன. அங்கே ஏமாற்றப்பட்டவளுக்குப் பதிவாளர் அலுவலகம் என்று போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. இங்கே ஏமாற்றப்பட்டவள் முறையிட்டால் தானும் சிக்குவோமோ என அஞ்சி வாயை மூடிக்கொள்கிறாள். ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இச்சட்டம் இருந்துவருகிறது. சிறு கூட்டுகளைப் பதிவுசெய்து காக்கும் வழியை வகுக்குமாறு வற்புறுத்துவதைத் தமிழர் அமைப்புகள் தம் முதற்கடமையாகக் கொண்டதுண்டா? பெண்களின் சில்லறைக் காசு தலைவர்களுக்குப் பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை போலும்.

இதற்கெல்லாம் மறுமொழியாக அடிக்கடி கேட்கும் குரல் ஒன்று உண்டு. “பெண்களே முன்வருவதில்லை. கூட்டுறவுச் சட்டத்தில் ஓர் உறுப்பினர்க்கு ஒரு வாக்கு. ஆணென்றும் பெண்ணென்றும் அதில் பிரிவில்லை. வரவேண்டாம் என யார் தடுத்தார்?” என்பதே அக்குரல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் எந்நேரத்தில் வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் நியாயம் வெளுத்துவிடும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். நண்பகல் ஒரு மணிக்கு விருந்து. கணக்கறிக்கை வாசிக்கப்படும் வேளையில் மண்டபத்தின் பின்புறம் அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். அதனைக் கிண்டிக்கொண்டிருப்பவள் அறிக்கையைப் பற்றி வினா எழுப்ப முன்வரவில்லையாம்! கூட்டக் குறிப்பில் கடைசி வரியாக “உணவு ஏற்பாட்டுக்கு ஒத்துழைத்த மகளிர் பகுதியினர்க்கு நன்றி” என்று ஒரு தொடர் இடம்பெறும். ஆண்டுக்காண்டு மாறாத தொடர் அது. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், சட்டவிதியும் மாறும், அத்தொடர் மட்டும் மாறாது.

நேரம் என்பது பணத்தினும் அரிய முதல். 2019இல் கசானா ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஆய்வொன்று, கூலியில்லாப் பராமரிப்பு வேலைக்கு மலேசியப் பெண் நாளொன்றுக்கு 3.6 மணி நேரமும் ஆண் 2.2 மணி நேரமும் செலவிடுவதாகக் கண்டது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு. ஆண் அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்குப் போகிறான், தலைவனாகிறான், சமுதாயத் தொண்டன் என மாலை பெறுகிறான். அவன் தொண்டாற்றும் நேரத்தை அவனுக்குக் கொடுத்தவள் எவள்? தொண்டு என்று அவன் பெயரில் பதிவாவது பாதி அவளுடையது.

இன்னொரு குரல் மென்மையாக ஒலிக்கும். “அன்புக்கு விலையா? தாய்மைக்குக் கூலியா? சேவையை மணிக்கணக்கில் அளப்பது மேலைநாட்டுப் போக்கு, தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது” என்று அது உருகும். அன்புக்கு விலை கேட்பவர் யாருமிலர். கோயிலில் ஐயருக்குத் தட்சிணை உண்டு, மேளக்காரருக்குக் கூலி உண்டு, பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பற்றுச்சீட்டு உண்டு. அவர்களுக்குப் பக்தி இல்லை என எவரும் கூறுவதில்லை. பத்து மணி நேரம் அன்னதானத்துக்கு அடுப்படியில் நின்றவளுக்கு மட்டும் பக்தியே கூலியாகிறது. அவ்வடுப்பில் எண்ணெய் கொதித்து அவள் கை வெந்தால் மருத்துவச் செலவுக்குக் காப்பீடு எடுத்துவைத்த நிருவாகம் எத்தனை? சேவை என்னும் சொல்லைத் தமிழர்கள் தேவைக்கதிகமாகப் புனிதப்படுத்திவிட்டனர். ஒருவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாதிருக்க மிக எளிய வழி அவன் செய்வதைச் சேவை என்று புகழ்வதே. ‘ஒருவனுக்கு’ என்பதை ‘ஒருத்திக்கு’ எனத் திருத்தி வாசிப்பது நலம்.

மேலைநாட்டுப் போக்கு என்னும் குற்றச்சாட்டுக்கும் விடையளிக்க வேண்டும். கூட்டுறவே மேலைநாட்டிலிருந்து வந்ததுதான். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர் முதலியோர் தொடங்கிய கடையைக் கூட்டுறவின் பிறப்பிடம் எனப் பள்ளிக் கட்டுரைகளில் எழுதிக்கொண்டே இருக்கின்றனர். அதே நாட்டில் 1883இல் கூட்டுறவு மகளிர் மன்றம் பிறந்ததை மட்டும் எழுத மறந்துவிடுகின்றனர். கூட்டுறவுக் கடையில் கூடையுடன் சாமான் வாங்கிய இல்லத்தரசிகள்தாம் அம்மன்றத்தார். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில் பேறுகால உதவிப் பணம் இடம்பெறுவதற்கு அவர்கள் போராடி வென்றனர். வென்றபின் பார்த்தால் பணம் கணவனுக்கு உரியதாக இருந்தது! மீண்டும் போராடினர். 1913இல் அப்பணம் தாய்க்கே உரியது எனச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றவளுக்கே பேறுகாலப் பணம் என்பதை நிலைநாட்ட இரண்டு போராட்டம் தேவைப்பட்டது. கூட்டுறவை இறக்குமதி செய்தவர்கள் இவ்வரலாற்றைத் துறைமுகத்திலேயே இறக்கிவிட்டு வந்தது ஏனோ?

மேற்கே போக மனமில்லாதவர் அகமதாபாத்துக்குப் போகலாம். எலா பட் அம்மையார் 1972இல் தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி விற்போர், காய்கறிக் கூடைக்காரிகள் முதலிய பெண்களைச் சேர்த்துச் சேவா என்னும் சங்கத்தைத் தொடங்கினார். பதிவுசெய்யச் சென்றபோது, முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என அரசு அலுவலர் மறுத்தனர். வேலை செய்பவள் தொழிலாளி, அவளுக்கு முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் தொழிலாளியே என அம்மையார் வாதாடி வென்றார். 1974இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுச் சேவா கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய கதையும் பத்து ரூபாயில் வங்கி தொடங்கிய கதையும் உடன்பிறந்தவை போல் தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு. அகமதாபாத்தில் பத்து ரூபாய் கொடுத்தவளே உறுப்பினர், அவள் பெயரிலேயே கணக்கு, வங்கி நிருவாகத்திலும் அவளைப் போன்றவர்களே அமர்ந்தனர். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றமும் பூ விற்பவளையும் மீன் விற்பவளையும் அவ்வாறே உறுப்பினராக்கியது. இவர்கள் யாரும் மேலைநாட்டு நூல் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர்.

கடன் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன குறை என்று அரசுத் தரப்பினர் கேட்கக்கூடும். அமானா இக்தியார் வாயிலாக 2024இல் இந்தியப் பெண்களுக்கென 5 கோடி ரிங்கிட் ஒதுக்கித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ‘பெண்’ என்னும் தமிழ்ச்சொல்லே அதன் பெயர். நல்ல முயற்சி, வரவேற்கத் தக்கதே. குறுக்கடி இல்லாமல் கடன் கிடைப்பது ஏழைக்குப் பெரும் பேறு, ‘ஆலோங்’ எனப்படும் கந்துவட்டிக்காரரின் பிடியை அறிந்தவர்க்கே அதன் அருமை தெரியும். ஆயினும் கடன் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். அதனைத் திருப்புவதற்கு அவள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டும். நான்கரைக்கு எழுந்தவள் மூன்றரைக்கு எழுவதைத் தொழில்முனைவு என்று பாராட்டுவதற்கு முன், அவள் மாமியாரைக் குளிப்பாட்டுபவர் யார், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு விடுபவர் யார் என்று கேட்டுவிடுவது நல்லது. வேலையைப் பங்கிடாமல் கடனை மட்டும் கொடுப்பது பாரம் சுமப்பவளுக்கு இன்னொரு கூடை கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு நற்செய்தியும் உண்டு. 2022ஆம் ஆண்டின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா கட்டினால், வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு விபத்து நேர்ந்தாலோ செயலிழப்பு நேர்ந்தாலோ சொக்சோ உதவி கிடைக்கும். தொகை சிறிதாக இருக்கலாம். அதனுள் அடங்கிய ஒப்புதல் பெரிது. அடுப்படி ஒரு வேலைத்தளம், அங்கு நிற்பவள் வேலை செய்பவள் என நாட்டின் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. நாடாளுமன்றம் ஒப்பியதைச் சங்க நிருவாகக் குழு ஒப்பவில்லை. நாடாளுமன்றத்தைவிடக் கடினமான மன்றம் அது!

2021 ஜூலைத் திங்களை எண்ணிப் பார்த்தால் இவ்வாதம் விளங்கும். நோய்த்தொற்றுக் காலத்தில் நடமாட்டம் முடங்கிக் கிடந்தபோது, உண்ண வழியற்றோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினர். கொடி பறந்த வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் சமைத்த உணவும் சென்றன. படம் எடுத்துச் செய்தித்தாளுக்கு அனுப்பிய அமைப்புகளின் பெயர்கள் அச்சாயின. பொட்டலம் கட்டிய கைகள் அச்சாகவில்லை. கொடி கட்டாமலே பசித்துக் கிடந்த பக்கத்து வீட்டுக்குச் சுவரின் மேலாகக் கிண்ணம் நீட்டிய கைகளையோ எந்தப் படமும் காட்டியிராது. அவ்விரண்டு மாதம் தாமானிலும் அடுக்குமாடி வீடுகளிலும் ஒப்புரவுப் பொருளாதாரம் எதன்மேல் ஓடியது என்று எழுதும் துணிவு எழுத்தாளர்க்கு வேண்டும்.

ஆம், எழுத்தாளர்களும் இவ்வழக்கில் சாட்சிகளல்லர், எதிர்வாதிகள். தோட்டத்துத் தாயை மெழுகுவர்த்தியாக்கியவர்கள் அவர்கள். தியாகத் திருவுருவாக்கியவர்களும் அவர்களே. கதையின் இறுதியில் அவளைச் சாகடித்து மகனை அழவைத்தனர். அவள் கூட்டு நடத்திய கணக்கை, ஆடு விற்ற பணத்தில் மகளைத் தேர்வுக்கு அனுப்பிய சூழ்ச்சித் திறத்தை, சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க நினைத்துக் கேளாமல் விட்ட வினாவை எழுதியோர் அரியர். மெழுகுவர்த்திக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை அன்றோ? உருவகமும் சில வேளைகளில் சுரண்டலுக்குத் துணைபோகும். ‘கூட்டுறவே நாட்டுயர்வு’ என்று மாணவனைக் கட்டுரை எழுதப் பணிப்பவர்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். முன்னுரையில் எறும்பு, முடிவுரையில் தேனீ என்றே அக்கட்டுரைகள் இன்றும் எழுதப்படுகின்றன. எறும்பிலும் தேனீயிலும் உழைப்பவை யாவும் பெண்ணினமே என்னும் உயிரியல் செய்தியையேனும் மாணவனுக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் பெரும்பாலோர் பெண்கள். படிவத்தில் ‘சூரி ருமா தங்கா’ என எழுதும் கையும் பெண்ணின் கையே. அவ்வாசிரியை காலை ஏழு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டுமானால் அவருடைய சிறு குழந்தையை எவளோ ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் பெரும்பாலும் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவனின் தாயாக இருப்பாள், அல்லது பாட்டியாக இருப்பாள். மாதந்தோறும் அவளுக்குப் பணம் கொடுப்பதும் ஆசிரியையே. எனவே அவள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு முதல் சாட்சி அந்த ஆசிரியைதான். சாட்சியே பொய்ப்பதிவு செய்தால் வழக்கு எங்கே வெல்லும்?

கேட்பது பெரிதொன்றும் அன்று. கூட்டுறவுச் சங்கமோ கோயிலோ மன்றமோ எதுவாயினும், ஆண்டறிக்கையில் வரவுசெலவுக்கு அடுத்த பக்கத்தில் உழைப்புக் கணக்கு என ஒரு பக்கம் சேர்க்கட்டும். இன்ன திருவிழாவுக்கு இத்தனை பெண்கள் இத்தனை மணி நேரம் உழைத்தனர் என எண்ணில் எழுதட்டும். அவ்வுழைப்பைத் தந்தவர்களுக்குச் சந்தாவின்றி உறுப்பினர் உரிமையும் வாக்கும் அளிக்கட்டும். வீட்டின் பங்குப் பத்திரம் இருவர் பெயரிலும் எழுதப்படட்டும். பொதுக்கூட்டத்து விருந்தைக் கடையில் வாங்கட்டும், அல்லது தலைவர் முதலானோர் ஓராண்டு சமைக்கட்டும். சாம்பாரில் உப்புக் கூடினாலும் பெண்கள் பொறுத்துக்கொள்வர், அவர்கள் எத்தனையோ பொறுத்தவர்கள்.

வகுப்பறையிலும் செய்யத் தக்கது ஒன்று உண்டு. ‘என் தாய்’ என்னும் தலைப்பை ஓராண்டு ஒதுக்கிவைத்து, ‘நேற்று என் வீட்டில்’ என்னும் தலைப்பில் எழுதச் சொல்லலாம். யார் எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வேலையைச் செய்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று நேரத்தோடு எழுத வேண்டும். உவமையும் வேண்டா, மெழுகுவர்த்தியும் வேண்டா. பத்து வயதுச் சிறுவன் தாளில் ‘4.30’ என்று முதல் எண்ணை எழுதிவிட்டுச் சற்று நிமிர்ந்து பார்ப்பான். அப்போது ஆசிரியை அந்தப் பழைய படிவத்தை எடுத்து, தாயின் தொழில் என்னும் கட்டத்தை அவனிடமே நீட்டட்டும்.